அப்பாவின் மைப் பேனா: எழுதலாமா, எடுத்து வைக்கலாமா? பஸ்ஸில் மை கக்குவதற்கும் வழி சொல்லுங்கள்

தமிழ் டீச்சர், கிருஷ்ணகிரி

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் போய்வருகிறேன். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது நோட்டாவது திருத்த வேண்டியிருக்கும். அது போகப் பாடக்குறிப்பு, மதிப்பெண் பதிவேடு, இரவில் என் டைரி. பால்பாயிண்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மூட்டில் வலி வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் மைப் பேனாவுக்கு மாறினேன். வலி குறைந்தது. கூடவே பேனா மேல் ஆசையும் பிடித்துக்கொண்டது.

இப்போது ஆறு பேனா இருக்கிறது. ஒரு கேம்லின், ஒரு ஹீரோ 336, தம்பி வாங்கித் தந்த லாமி சஃபாரி, சிவப்பு மைக்கென்றே ஒரு பைலட் மெட்ரோபாலிட்டன், சென்னைக்குப் பயிற்சிக்குப் போனபோது வாங்கிய காமா எபோனைட் (கெட்டி ரப்பரில் கடைந்த பேனா). ஆறாவது அப்பாவுடையது.

அப்பா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதினார். சீசன் வந்தால் பெங்களூரா, செந்தூரா என்று லோடு லோடாக இறங்கும். கூடைமேல் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துச் சீட்டு எழுதிக்கொண்டே இருப்பார். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. பேனா அவ்வளவு நாளும் தகரப் பெட்டியில் கிடந்தது. தடிமனான கறுப்புப் பேனா, சொட்டு சொட்டாக உடம்பிலேயே மை ஊற்றுகிற வகை. எந்தக் கம்பெனி என்று எழுத்து தேய்ந்துவிட்டது. மூடி மறைத்த இடம் மட்டும் இன்னும் கறுப்பாக இருக்கிறது, மிச்ச உடம்பெல்லாம் காய்ந்த புளி மாதிரி பழுப்பாகிவிட்டது. போன மாதம் கழுவி மை ஊற்றிப் பார்த்தேன். மை இறங்குகிறது, ஆனால் தாளைக் கீறுகிறது. அப்பா எழுதும்போது சத்தமே வராது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

என் கேள்விகள் இவை. அப்பா பேனாவின் நிப்பை மாற்றலாமா, தேய்க்கலாமா, இல்லை இப்படியே எடுத்து வைத்துவிடட்டுமா? காமா பேனா பஸ்ஸில் போகும்போது மூடிக்குள் மை கக்குகிறது. இரண்டு புடவை போய்விட்டது. இதற்கு என்ன செய்வது? அப்புறம், பிள்ளைகளின் நோட்டுத் தாளில் மை ஊறிப் பரவுகிறது. லாமியில் எழுதினால் மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் சுழி அடைத்து ஒன்று போலவே தெரிகின்றன. எழுத்துப்பிழை திருத்துகிறவள் எழுத்தே இப்படி இருந்தால் பிள்ளை எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்?

பர்கூர் வாசகர்

டீச்சர், அப்பா பேனாவை எடுத்து வைத்துவிடுங்கள். என் தாத்தாவின் ஹீரோ, தங்க நிற மூடி போட்டது. ஆசையாக வேலைக்கு எடுத்துப் போனேன். ஒரே வாரத்தில் ரயிலில் தொலைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது. தினமும் எழுத எத்தனையோ பேனா கிடைக்கும், அது ஒன்றுதான். என்னால் இதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

பத்திர எழுத்தர் (ஓய்வு), பாலக்கோடு

டீச்சரம்மா, வணக்கம். பாலக்கோட்டில் முப்பத்தெட்டு வருடம் பத்திரம் எழுதியவன். கணினி வந்து கைப்பத்திரம் நின்ற பிறகும் மைப் பேனாவை விடவில்லை. என்னிடம் பதினான்கு பேனா இருக்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அப்பா பேனா. நிப்பை மாற்றாதீர்கள். தரையிலோ உப்புத்தாளிலோ தேய்க்கவே தேய்க்காதீர்கள். அது கீறுவதற்குக் காரணம் கெட்டுப்போனதாக இருக்காது என்று நினைக்கிறேன். நிப்பின் நுனியில் ஒரு சின்ன உருண்டை இருக்கும், இரிடியம் என்போம். கடினமான உலோகம்தான், ஆனாலும் வருடக் கணக்கில் ஒரே கை ஒரே சாய்வில் எழுதினால் அது அந்தக் கைக்குத் தகுந்தபடி தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை தாளில் முழுதாகப் படிந்தால் பேனா வழுக்கிக்கொண்டு போகும். வேறு கை வேறு சாய்வில் பிடித்தால் தட்டையின் ஓரம் தாளில் குத்தும். அந்த ஓரம்தான் கீறுகிறது.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நுனியைப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது நடுப்பிளவின் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்பது. ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தால், மேலே நிற்பதை விரல் நகத்தால் மெதுவாகக் கீழே அழுத்துங்கள். ஒரு தடவை அழுத்தி, பார்த்து, மறுபடி. அவசரப்பட்டால் நிப்பு வளைந்துவிடும். சமமாகத்தான் இருக்கிறது என்றால் அடுத்ததற்கு வாருங்கள். நல்ல வழவழப்பான தாளில், பேனாவின் கனம் மட்டும் விழும்படி, ‘ழ’ ‘ழ’ என்று எழுதிக்கொண்டே போங்கள். எழுதும்போதே பேனாவை விரலுக்குள் நெல்மணி அளவு உருட்டுங்கள். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம். அப்புறம் சாய்வை மாற்றுங்கள், நிமிர்த்தியும் படுக்கவைத்தும். ஓர் இடத்தில் கீறல் சத்தம் சட்டென்று நிற்கும். அதுதான் உங்கள் அப்பா பிடித்த பிடி. அந்த இடத்தில் கழுத்தின் மேல் துளி ஒட்டுத்தாள் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் என் குருநாதரின் பேனாவில் கற்றேன். அவர் வைத்திருந்தது ராஜமுந்திரி ரத்னம் பேனா. 1932-இல் ஆரம்பித்த கம்பெனி. முழுக்கச் சுதேசியாகச் செய்து அனுப்பிய பேனாவுக்குக் காந்தி 1935-இல் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். குருநாதர் அந்தக் கதையைப் பத்திரம் எழுத வருபவர்களுக்கெல்லாம் சொல்வார், சொல்லும்போது பேனாவை நெஞ்சில் வைத்துக்கொள்வார். அவர் கையைக் கீழே தாழ்த்தி, பேனாவை ரொம்பப் படுக்க வைத்து எழுதுவார். பேனா என் கைக்கு வந்ததும் ஒரு வாரம் கீறியது. நானும் நிப்பு மாற்றத்தான் போனேன். அப்போதெல்லாம் சாத்தூர் நிப்பு கடைகளில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும், பொறுக்கி எடுக்கலாம். சாத்தூரில் வீட்டுக்கு வீடு நிப்பு வேலை நடந்த காலம். கடைக்காரர்தான் நிறுத்தினார். “பேனாவைக் கொஞ்சம் படுக்க வைத்து எழுதிப் பாரேன்” என்றார். எழுதினேன். கிரயப் பத்திரம் முழுக்க, கிழக்கு மேற்கு எல்லை முதல் சாட்சிக் கையெழுத்து வரைக்கும், ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

பர்கூர் தம்பி சொல்வதில் உள்ள வருத்தம் புரிகிறது. அதனால் ஒன்று செய்யுங்கள்: அப்பா பேனாவை வீட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டாம். வீட்டில் டைரி எழுதுகிறீர்களே, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மை போட்டு எழுதிக்கொண்டே இருக்கும் பேனாவுக்கு ஒன்றும் ஆகாது. மையோடு மறந்துபோய்ப் பெட்டியில் வைத்த பேனாதான் நாக்கில், அதாவது நிப்புக்கு அடியில் மை இறங்கும் பகுதியில், மை காய்ந்து இறுகிப்போகும். என் பதினான்கிலும் ஒரே நேரத்தில் மூன்றில்தான் மை இருக்கும். அமாவாசைக்கு அமாவாசை அந்த மூன்றையும் கழுவித் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மூன்றை எடுப்பேன். எதுவும் ஐந்து மாதத்துக்கு மேல் சும்மா கிடக்காது.

கழுவுவதைப் பற்றி முக்கியமாக ஒன்று. நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பது உங்களுக்கே தெரியும், குடத்தில் வெள்ளையாகப் படிகிறதல்லவா. அதே படிவு பேனாவின் நாக்கில் இருக்கும் முடி மாதிரி வாய்க்காலிலும் படியும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நான் அந்தத் தண்ணீரில்தான் கழுவுகிறேன். அது வராத நாளில் கேன் தண்ணீர். வெந்நீர் வேண்டாம். எபோனைட்டை இரவெல்லாம் ஊறவும் வைக்காதீர்கள், பழுப்பு இன்னும் ஏறிவிடும். நிப்புப் பகுதியை மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஆட்டி எடுத்து, பழைய பருத்தித் துணியில் நுனி கீழே பார்க்க நிறுத்தி வையுங்கள். மிச்ச ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும்.

சுழி அடைப்பதற்கு வருகிறேன். இது நம் எழுத்துக்கே உள்ள சங்கடம். ஆங்கிலத்துக்கு நடுத்தர நிப்பு சரியாக இருக்கும். தமிழில் ண, ழ, ஞ, இ, னை, ணை என்று எல்லாம் சுழிதான். கோடு தடித்தால் சுழி மூடிக்கொள்ளும். மோசமான தாளில் புள்ளிகூடப் பரவி மேல்வரியைத் தொட்டுவிடும். மெல்லிய நிப்பு வாங்குங்கள். ஜப்பான் கம்பெனிகளின் மெல்லிய நிப்பு ஐரோப்பியக் கம்பெனிகளுடையதைவிட ஒரு படி மெல்லியதாக இருக்கும். உங்கள் பைலட் நடுத்தர நிப்பாக இருந்தாலும் லாமி அளவுக்குத் தடிக்காது. பட்டையாக வெட்டிய நிப்பு பார்க்க அழகு, ஆனால் நம் சுழிகளில் வளையும்போது அதன் மூலை தாளைப் பிடிக்கும். நோட்டுத் திருத்த அது ஆகாது. ஹீரோ 336 உங்களிடம் இருக்கிறதே, ஒரு வாரம் அதில் சிவப்பு போட்டுத் திருத்திப் பாருங்கள்.

மையில் பாடக்குறிப்புக்கு ராயல் புளூ போதும். தண்ணீர் பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும், ஆனால் பேனாவுக்கு நல்லது, கழுவ எளிது. மதிப்பெண் பதிவேட்டில் மட்டும் நிலைத்த மை, பெர்மனன்ட் என்று புட்டியில் போட்டதைப் போடுங்கள். பத்திரத்தில் நாங்கள் ராயல் புளூவைத் தொடவே மாட்டோம். ஒரு சொட்டுத் தண்ணீர் சர்வே நம்பர் மேல் விழுந்தால் ஒரு குடும்பத்தின் நிலமே சந்தேகமாகிவிடும். படம் வரைகிற இந்தியன் இங்க்கை மட்டும் எந்தப் பேனாவிலும் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு சேர்ந்திருக்கும். காய்ந்தால் கல்தான்.

ஓசூர் லேத்

டீச்சர், பெரியவர் நிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறேன். ஓய்வு நேரத்தில் எனக்காக இரண்டு எபோனைட் பேனா கடைந்திருக்கிறேன். ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்ததுதான் எபோனைட். கடையும்போது பட்டறை முழுக்கக் கந்தக வாசனை அடிக்கும். அப்பா பேனாவின் உடம்பைத் துணியால் சூடு வரும்வரை தேய்த்து மூக்கிடம் வைத்துப் பாருங்கள், அதே வாசனை வந்தால் அது எபோனைட்தான். வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு பழுப்பாகும், உள்ளே கறுப்பாகவே இருக்கும். மூடி மறைத்த இடம் தப்பித்தது அதனால்தான். மெருகு போட்டால் கறுப்பு திரும்ப வரும். ஆனால் போட வேண்டாம் என்பேன். மேல் தோல் போகும், அவர் விரல் பட்ட வழவழப்பும் சேர்ந்து போய்விடும்.

காமா கக்குவதற்குக் காரணம் காற்று. மை குறையக் குறைய உடம்புக்குள் காற்று கூடும். கைச்சூடு, பஸ் இன்ஜின் பக்கத்து சீட், மாசி பங்குனி வெயில், எதில் சூடானாலும் அந்தக் காற்று விரிந்து மையை நாக்கு வழியாக வெளியே தள்ளும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி தாண்டி ஓசூருக்கு மேலேறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதாலும் இதே கதைதான். அதனால் கால் பங்கு மை மிஞ்சும் வரை விடாதீர்கள், பாதிக்கு வந்ததுமே நிரப்பிவிடுங்கள். நிறைந்த பேனாவில் விரிய காற்றே இருக்காது. பையில் நிப்பு மேலே பார்க்க நிற்கட்டும், படுக்கப் போடாதீர்கள். பள்ளியில் இறங்கியதும் நிப்பு மேலே இருக்கிறபடியே பிடித்து மூடியைத் திறந்து துடைத்துவிட்டு எழுதுங்கள்.

கழுத்து சேரும் மரையில் கசிந்தால் அது வேறு கோளாறு. முன்பெல்லாம் மரையில் நூல் சுற்றுவார்கள், தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் மையில் கலந்தால் மை இறங்காது, பிசுக்குப் பிடிக்கும். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வருபவரிடம் சிலிக்கான் கிரீஸ் கேளுங்கள், குடிநீர் வளையத்துக்குப் போடுவது. கடுகளவு போதும். மரை முழுக்கப் படும்படி தடவித் திருகி, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். உட்பக்கம், நாக்குப் பக்கம் படவே கூடாது.

அடுத்து வாங்குவதாக இருந்தால் திருவள்ளூர் ரங்கா பேனாவைப் பாருங்கள். கையால் கடைந்த எபோனைட். நம் ஊர்க் கை வேலை என்பதற்காகவே ஒன்று சேர்த்து வைத்திருக்கிறேன். தினமும் எழுதுகிறேன்.

தமிழ் டீச்சர், கிருஷ்ணகிரி

பத்திரக்கார ஐயாவுக்கும், ஓசூர் அண்ணாவுக்கும், பர்கூர் தம்பிக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

காமா இந்தப் பத்து நாளில் ஒரு முறைகூடக் கக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்பிவிடுகிறேன், பையில் பென்சில் டப்பாவுக்குள் நிறுத்திக் கொண்டுபோகிறேன். சிலிக்கான் கிரீஸ் கேட்டதற்கு மெஷின்காரத் தம்பி காசே வாங்கவில்லை, எதற்கு என்று கேட்டுவிட்டு அவரும் ஒரு நிமிடம் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹீரோவில் சிவப்பு போட்டேன். ‘ண’வுக்கு மூன்று சுழியும் தெரிகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “மிஸ், உங்க எழுத்து சின்னதாயிடுச்சு” என்றாள்.

அப்பா பேனாவை ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். துணியால் தேய்த்து முகர்ந்தேன், கந்தக வாசனை வந்தது. பெட்டியைத் திறக்கும்போது வந்த வாசனை அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஐயா சொன்ன மாதிரியே நுனியில் தட்டை. நேர் கீழே இல்லை, இடது ஓரமாகச் சரிந்து இருந்தது. ‘ழ’ எழுதிக்கொண்டே உருட்டினேன். ஒரு பக்கம் முழுக்க ‘ழ’ ஆனது, கீறல் நிற்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து எழுதினால் அந்தச் சாய்வு கைக்கு வரவே இல்லை.

அப்புறம்தான் தோன்றியது, அப்பா என்றைக்கு மேஜையில் எழுதினார்? வாசற்படியில் உட்கார்ந்தேன். பரீட்சை அட்டையை முழங்காலில் வைத்தேன். அட்டை தானாக உள்பக்கம் சரிந்தது, கை அதற்கேற்ப இடப்பக்கம் திரும்பியது. பேனாவை வைத்தேன். சத்தம் நின்றுவிட்டது.

முதலில் ‘செந்தூரா’ என்று எழுதினேன். அப்புறம் ‘பெங்களூரா’, ‘நீலம்’, ‘மல்கோவா’ என்று சீட்டில் அவர் எழுதுகிற வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனேன். அம்மா காபி எடுத்துக்கொண்டு வந்தவர் பின்னால் நின்று பார்த்தார். என் கையைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “லா-வுக்கு மேல அவர் இவ்ளோ பெருசா வளைக்க மாட்டார்” என்றார். மல்கோவாவில் ‘லா’ இல்லை, ‘கோ’வின் கொம்பைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு மறுபடி எழுதிக் காட்டினேன்.

கழுத்தில் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன். டைரி எழுத வாசற்படிக்குப் போய்விடுகிறேன். பர்கூர் தம்பி, பேனா வீட்டை விட்டு வெளியே வராது.

ஐயா, ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. உடம்பிலேயே மை ஊற்றுகிற பேனா என்பதால் நிறைய மை பிடிக்கிறது, டைரிக்கு மட்டும் என்றால் தீரவே மாதக் கணக்காகும் போலிருக்கிறது. குறைவாக ஊற்றினால் காற்று கூடும், நிறைய ஊற்றினால் மை பழசாகும். எது பரவாயில்லை?

பத்திர எழுத்தர் (ஓய்வு), பாலக்கோடு

பாதி ஊற்றுங்கள் அம்மா. வாசற்படியில் பஸ் இன்ஜின் சூடு இல்லை, எழுதும் முன் நிப்பு மேலே பார்க்கக் கையில் இரண்டு நிமிடம் பிடித்திருந்தால் போதும். அமாவாசையன்று மிச்ச மையைக் கொட்டிவிட்டுக் கழுவிவிடுங்கள், கொட்டுகிற மைக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். உங்கள் அப்பாவுக்குச் சீசனில் ஒரு நிரப்பு ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது.